பைவேவ்லெட்ஸ்: மூளை ஸ்கேன் டேட்டாவுக்கு எட்டு மாசம் யூஸ் பண்ணிப் பாத்த ரிவ்யூ

எட்டு மாசமா தினமும் இதை வச்சுத்தான் வேலை பாக்குறேன், அதனால இது ரெண்டு நாள் தொட்டுப் பாத்துட்டு எழுதுற ரிவ்யூ இல்ல. பைவேவ்லெட்ஸ்னு ஒரு பைத்தான் லைப்ரரி, ஒரு சிக்னலை வேகம் வேகமா அடுக்கு பிரிக்குற வேவ்லெட்ங்கிற கணக்கைப் போட, முழுக்க இலவசம், எம்ஐடி லைசென்ஸ், 2006ல ஃபிலிப் வாசிலெவ்ஸ்கினு ஒருத்தர் ஆரம்பிச்சு அப்புறம் நிறைய பேரு சேந்து வளத்துட்டு வர்றாங்க. இதை ஆடியோ சுத்தம் பண்ண, போட்டோ சுருக்க, இதயத் துடிப்பு பாக்கன்னு பலரும் பலதுக்கு யூஸ் பண்றாங்க, நான் யூஸ் பண்ணது எஃப்எம்ஆர்ஐ டேட்டாவுக்கு, அதாவது ஆளு ஸ்கேனருக்குள்ள படுத்துருக்கும்போது மூளை எப்படி வேலை செய்யுதுன்னு ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை எடுக்குற படம். எம்எஸ்சி பிசிக்ஸ் ப்ராஜெக்டுக்காக ஆரம்பிச்சது, ப்ராஜெக்ட் முடிஞ்சும் விட முடியல.

எங்க வீடு கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவுல, கடலை ஒட்டி. ஏர்வாடி பக்கம் வளந்த யாருக்கும் மனநோய்ங்கிறது பாடப்புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்குற விஷயம் இல்ல, தர்காவுக்கு எங்கெங்கேயோ இருந்து குடும்பத்தோட வர்றவங்களை சின்ன வயசுல இருந்து பாத்துருக்கோம். 2001 ஆகஸ்ட் 6ம் தேதி அங்க இருந்த ஒரு மனநோயாளிகள் காப்பகத்துல தீப்பிடிச்சு, சங்கிலியில கட்டியிருந்த நெலமையிலயே 28 பேரு செத்துப்போனாங்க. நான் பொறக்குறதுக்கு முந்தின வருஷம் அது, ஆனா உம்மா அதை சொல்லும்போதெல்லாம் குரல் இறங்கிடும். மனசு மனசுன்னு சொல்றோமே அது மண்டைக்குள்ள எப்படித்தான் ஓடுதுன்னு எனக்கு கேள்வி வந்தது அங்கேருந்துதான். ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன், ஒருத்தரோட எஃப்எம்ஆர்ஐயை மட்டும் வச்சு இவருக்கு இன்ன மனநோய்னு சொல்ற நிலைக்கு இன்னும் யாரும் வரல, அப்படி சொல்லி காசு கேட்டா குடுக்காதீங்க.

காசுன்னதும் இதை சொல்லணும். ஆரம்பத்துல எனக்கு கோடிங் பயம், அதனால வெளியூர்ல ஒரு ப்ராஜெக்ட் சென்டர்ல 15,000 ரூபா கட்டி ரெடிமேட் கோடு வாங்கினேன், பேரு வேண்டாம். வாப்பா ரெண்டு மாசமா சேத்து வச்ச காசு. வந்த கோடு ஓடுச்சு, கலர் கலரா மூளை படம் வந்துச்சு, வைவாவுக்கு அது போதும்னு அவங்களே சொன்னாங்க. உள்ள பாத்தா என் டேட்டாவோட டிஆர் 2 செகண்ட், கோடுல 3 செகண்ட்னு எழுதியிருக்கு. டிஆர்னா ஒரு முழு மூளை படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள இடைவெளி. அது தப்பானா வேவ்லெட்ல ஒவ்வொரு அடுக்கும் எந்த வேகத்தைக் காட்டுதுங்கிறதே மொத்தமா மாறிப்போயிடும், படம் மட்டும் அப்பவும் அழகாத்தான் இருக்கும். அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல. மறுநாள்தான் நானே பைவேவ்லெட்ஸை இன்ஸ்டால் பண்ணேன்.

வேவ்லெட் என்ன பண்ணுதுன்னு சொல்லாம ரிவ்யூ எழுதுனா பாதி பேருக்கு புரியாது. மூளையில நரம்பு சுடுறது மில்லிசெகண்ட் கணக்கு, ஆனா எஃப்எம்ஆர்ஐ அதை நேரா பாக்கல, வேலை செஞ்ச இடத்துக்கு ஆக்ஸிஜன் ரத்தம் ஓடி வர்றதைத்தான் பாக்குது, 1990ல செய்ஜி ஒகாவா கண்டுபிடிச்ச வழி அது. அந்த ரத்தம் உச்சத்துக்கு வர 5, 6 செகண்ட் ஆகும். அந்த மாற்றமும் சில சதவீதம்தான், அதுக்கு மேல ஸ்கேனர் மெதுவா சூடாகி சிக்னல் நகர்றது, மூச்சு, நாடி, தலையசைவு எல்லாம் கலந்து வரும். இந்தக் கலவையை ஃபூரியர்ங்கிற பழைய கணக்குல போட்டா எந்தெந்த வேகத்துல ஆடுதுன்னு தெரியும், எப்போ ஆடுச்சுன்னு தெரியாது. வேவ்லெட்ல ரெண்டும் தெரியும், ஏன்னா அதுல ஒப்பிடுறதுக்கு எடுத்துக்குறதே சின்னதா எழும்பி அடங்குற ஒரு குட்டி அலை, அதை நீட்டி நீட்டி, நகத்தி நகத்தி சிக்னல் முழுக்க வச்சுப் பாக்குறது.

இது எனக்கு உறைச்சது வாப்பா வலை பொத்துறதைப் பாத்துத்தான். வாப்பா திண்ணையில உக்காந்து செவுள் வலை சரி பண்ணிட்டு இருந்தாரு, ரெண்டு விரலை கண்ணிக்குள்ள விட்டு விரிச்சுப் பாத்தே இது சூடைக்கு, இது நண்டுக்குன்னு சொல்லிடுவாரு. செவுள் வலையில ஒரு விஷயம் இருக்கு, பெரிய மீனுதான் மாட்டும் சின்னது தப்பிக்கும்னு நிறைய பேரு நினைக்குறாங்க, அப்படி இல்ல. சூடை வலையில நெத்திலி கண்ணி வழியா அப்படியே போயிடும், பெரிய மீனு மூக்கை முட்டிட்டு திரும்பிடும், தலை உள்ள போயி செவுள்ல மாட்டுற அந்த ஒரு அளவு மட்டும்தான் சிக்கும். வேவ்லெட்டோட ஒவ்வொரு அடுக்கும் அதே மாதிரி, ஒரு குறிப்பிட்ட வேகத்துல ஆடுறது மட்டும் அதுல மாட்டும், அதைவிட வேகமானதும் நிக்காது மெதுவானதும் நிக்காது. ஒவ்வொரு அடுக்குக்கும் கண்ணி ரெண்டு மடங்கு பெருசாகும், அவ்வளவுதான்.

டிஆர் 2 செகண்ட்னா கணக்கு இப்படி வரும்: முதல் அடுக்குல 0.125ல இருந்து 0.25 ஹெர்ட்ஸ் வரைக்கும், ரெண்டாவதுல 0.0625ல இருந்து 0.125, மூணாவதுல 0.031ல இருந்து 0.0625, நாலாவதுல 0.016ல இருந்து 0.031. சும்மா படுத்துருக்குற ஆளோட மூளைப் பகுதிகள் ஒண்ணோட ஒண்ணு ஒத்து ஆடுறது 0.1 ஹெர்ட்ஸுக்கு கீழன்னு 1995ல பரத் பிஸ்வால் குழு காட்டினாங்க, 2006ல சோஃபி அஷார் குழு மூளையை 90 பகுதியா பிரிச்சு வேவ்லெட் போட்டுப் பாத்தப்போ 0.03ல இருந்து 0.06 வரைக்கும் உள்ள அடுக்குலதான் அந்த இணைப்பு வலைப்பின்னல் நல்லா துலங்குச்சுன்னு எழுதினாங்க. அதாவது நம்ம மூணாவது கண்ணி.

சரி, ப்ராடக்ட்டுக்கு வர்றேன். இன்ஸ்டால் பண்றது ஒரு லைன், சின்ன பேக்கேஜ், மொபைல் ஹாட்ஸ்பாட்லயே இறங்கிடும். டேட்டா ஓப்பன்நியூரோங்கிற வெப்சைட்ல இலவசம், 64க்கு 64 புள்ளி, 36 ஸ்லைஸ், 244 படம் இருக்குற ஒருத்தரோட ஃபைலு பிரிச்சாக்கூட 72 எம்பி கிட்டத்தான், ராத்திரி டேட்டா மிச்சம் இருந்தா மூணு நாலு பேரை இறக்கிடலாம். ஃபைலைத் திறக்க நிபாபெல், மூளையை பகுதி பகுதியா பிரிக்க நைலேர்ன், ரெண்டும் இலவசம்தான். பைவேவ்லெட்ஸுக்கு இது மூளையா, கடல் அலையா, வெங்காய விலையான்னு எதுவும் தெரியாது, நம்பர் குடுத்தா நம்பர் குடுக்கும். எனக்கு இதுதான் அதுல ரொம்ப பிடிச்சது, ஏன்னா உள்ள என்ன நடக்குதுன்னு ஒவ்வொரு படியும் நானே பாத்து செய்ய வேண்டியிருந்துச்சு, அந்த 15,000 ரூபா கோடு எதைச் சொல்லித் தரலையோ அதை இது சொல்லித் தந்துச்சு.

நான் முதல்ல செஞ்சது ஒரே ஒரு வாக்ஸல். தலைக்குப் பின்பக்கம் பார்வை பகுதியில ஒரு புள்ளி, 244 படத்துல முதல் 4ஐ விட்டுட்டேன், ஸ்கேனர் ஆரம்பத்துல நிலைக்கு வர்றதுக்குள்ள எடுத்தது அது. மிச்சம் 240. இந்த 240ங்கிற நம்பர் முக்கியம், எஸ்டபிள்யுடினு இதுல ஒரு ஃபங்ஷன் இருக்கு, டேட்டா நீளம் குறையாம எல்லா அடுக்கையும் குடுக்கும், ஆனா நாலு அடுக்கு வேணும்னா நீளம் 16ஆல வகுபடணும். 240 வகுபடும், 15 தடவை. 244ஐ அப்படியே குடுத்தா எரர் அடிச்சு நின்னுடும், நிக்குறதே நல்லதுன்னு நான் நினைக்கிறேன், சத்தமில்லாம வெட்டியோ ஒட்டியோ குடுத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. அதுல நார்ம், ட்ரிம் அப்ராக்ஸ் ரெண்டு ஆப்ஷனையும் ட்ரூன்னு வச்சா நாலு அடுக்கோட வர்க்கக் கூட்டலும் மிச்சம் இருக்குற மெதுவான பகுதியோட வர்க்கக் கூட்டலும் சேந்து மூல சிக்னலோட வர்க்கக் கூட்டலுக்கு சரியா வந்து நிக்கும். நான் கூட்டிப் பாத்தேன், கடைசி தசமம் வரைக்கும் நின்னுச்சு. அப்பதான் இதை நம்பலாம்னு தோணுச்சு.

மூல சிக்னலும் நாலு அடுக்கும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வந்த அந்த அஞ்சு வரி படத்தை ஸ்க்ரீன்ல பாத்தது இன்னும் கண்ணுல நிக்குது. மேல மூல சிக்னல்ல 131வது படத்துகிட்ட ஒரு முள்ளு மாதிரி குத்திட்டு நிக்குது, ஆளு தலையை லேசா அசைச்சிருக்காரு. முதல் அடுக்குல அந்த இடத்துல மட்டும் ரெண்டு மூணு பெரிய நம்பர், ரெண்டாவதுல கொஞ்சம் அகலமா, மூணாவதுல இன்னும் அகலமா தேஞ்சு. மத்த இடம் சுத்தம். ஃபூரியர்ல இதே முள்ளு எல்லா வேகத்துலயும் பரவிப் போயிருக்கும், எங்க தேடி எடுக்குறது. இந்த மாதிரி அடுக்கு அடுக்கா ஒரே இடத்துல வரிசையா நிக்குற முள்ளுகளை கண்டுபிடிச்சு எடுக்குறதுக்குன்னே 2014ல பட்டேல் குழு ஒரு முறையை வெளியிட்டாங்க, அதோட ஐடியா இந்தப் படத்தைப் பாத்தாலே புரிஞ்சுடும்.

இனி மாட்டிக்குற இடங்கள், நான் மாட்டுனதுதான் எல்லாம்.

முதல்ல பேரு. குட்டி அலையில பல வகை இருக்கு, எது வேணும்னு பேரு குடுக்கணும். அதுல டாபஷீஸ் வேவ்லெட்னு ஒரு குடும்பம், இன்க்ரிட் டாபஷீஸ் 1988ல குடுத்தது, நம்ம பாம்பன் ரோட்டுப் பாலம் திறந்த அதே வருஷம். பல பேப்பர்லயும் ஆர்ங்கிற கோடிங் மொழியோட பேக்கேஜ்லயும் டி4ன்னு எழுதுனா நாலு நம்பர் நீளமுள்ள ஃபில்டர்னு அர்த்தம், ஃபில்டர்ங்கிறது அந்தக் குட்டி அலையை நம்பரா எழுதுனது. பைவேவ்லெட்ஸ்ல டிபி4ன்னு குடுத்தா அது எட்டு நம்பர் நீளம், ஏன்னா இங்க எண்ணுறது வேற கணக்கு. பேப்பர்ல உள்ள டி4 வேணும்னா இங்க டிபி2ன்னு குடுக்கணும். அதே மாதிரி எல்ஏ8ன்னு படிச்சா இங்க சிம்4. யார் மேலயும் தப்பில்ல, ரெண்டு வழக்கம் ரெண்டு பக்கம் வளந்துருக்கு, ஆனா நான் மூணு வாரம் தப்பான ஃபில்டரை வச்சுகிட்டு ஏன் ஒத்து வரலன்னு முழிச்சேன்.

அப்புறம் ஓரம். எஸ்டபிள்யுடி டேட்டாவோட கடைசியையும் முதலையும் ஒட்டி வட்டமா நினைச்சுக்கும். ஸ்கேனர் சிக்னல் எட்டு நிமிஷத்துல மெதுவா நகந்து முதல் நம்பரும் கடைசி நம்பரும் வேற வேற உயரத்துல இருந்தா, ஒட்டுற இடத்துல ஒரு பொய்ப்பள்ளம் வரும், பெரிய அடுக்குல அது நல்லாவே தெரியும். முதல்லயே அந்த சாய்வை எடுத்துடுங்க, அப்பவும் ரெண்டு ஓரத்துலயும் வர்றதை அப்படியே நம்பாதீங்க. ஒவ்வொரு அடுக்குலயும் நீளத்தைப் பாதியாக்குற சாதா வேவ்டெக் ஃபங்ஷன்ல டீஃபால்ட் வேற, அது கண்ணாடி மாதிரி திருப்பி வச்சுக்கும், அதனால டிபி4ல 240க்கு 120 வராம 123 வரும், பயந்துடாதீங்க.

சுத்தம் பண்றது தனி கதை. 1994ல டோனோஹோவும் ஜான்ஸ்டனும் குடுத்த ஒரு வாசல் அளவு இருக்கு, அதைத் தாண்டாத நம்பரை இரைச்சல்னு வெட்டிடலாம், அதுக்கு இரைச்சலோட சிக்மாவை, அதாவது அது எவ்வளவு சிதறுதுங்கிற அளவை, எண்ணிக்கையோட லாகை ரெண்டால பெருக்குன வர்க்கமூலத்தால பெருக்கணும், 240க்கு அது சிக்மாவுல 3.31 மடங்கு வரும். நான் முதல் அடுக்குல சிக்மாவை எடுத்து அதையே எல்லா அடுக்குக்கும் போட்டேன். எஃப்எம்ஆர்ஐ இரைச்சல் மெதுவான பக்கம் போகப் போக பெருசாகுற ஜாதி, அதனால முதல் அடுக்கு சிக்மா மூணாவது நாலாவது அடுக்குக்கு பத்தவே பத்தாது, இரைச்சல் எல்லாம் சிக்னல்னு தாண்டி வந்துடுச்சு. படம் வழுவழுன்னு இருந்துச்சு, எல்லாப் பகுதியும் எல்லாத்தோடயும் சேந்து ஆடுற மாதிரி. என் கைடு மேடம் பாத்துட்டு ஒரே கேள்வி கேட்டாங்க, "எதுவுமே ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இல்லையே, அது எப்படிம்மா?" ஒவ்வொரு அடுக்குக்கும் தனியா சிக்மா எடுங்க, நடுமதிப்பு விலகலை 0.6745ஆல வகுத்து.

லேப்டாப் சின்னதா இருக்குறவங்களுக்கு. முழு மூளையையும் ஒரே அடியா குடுத்தா 1,47,456 புள்ளி, ஒவ்வொண்ணுக்கும் 240 நம்பர், சாதாரண டபுள்ல அதுவே 283 எம்பி, நாலு அடுக்குக்கு ரெண்டு ரெண்டா எஸ்டபிள்யுடி குடுக்குறது சேந்தா 2.2 ஜிபிக்கு மேல. என்னோடது 4 ஜிபி, அப்படியே உறைஞ்சு நின்னுச்சு. நம்பருக்கு பாதி இடமே எடுக்குற ஃப்ளோட் 32ல குடுங்க, பைவேவ்லெட்ஸ் அதை மதிச்சு அதுலயே கணக்கு போடும், மூளைக்கு வெளிய இருக்குற காத்தையெல்லாம் மாஸ்க் போட்டு வெட்டுங்க. இல்லன்னா 90 பகுதி சராசரி எடுத்துக்கோங்க, அது ஒரு நொடிகூட எடுக்காது.

90 பகுதின்னா 4,005 ஜோடி வரும். அஞ்சு சதவீதம் தப்பு பரவால்லன்னு விட்டா 200 ஜோடி சும்மாவே ஒட்டிகிட்டு நிக்கும். இதை யாராவது லேசா எடுத்துகிட்டா நான் அவங்களுக்கு சால்மன் மீன் கதை சொல்வேன். 2009ல கிரெய்க் பென்னட் குழு ஒரு செத்த சால்மன் மீனை ஸ்கேனருக்குள்ள வச்சு மனுசங்க போட்டோவைக் காட்டி எஃப்எம்ஆர்ஐ எடுத்தாங்க, இத்தனை புள்ளியை ஒரே நேரத்துல சோதிக்குறதுக்கான திருத்தம் போடாம கணக்கு பாத்தா செத்த மீனோட மூளையில புள்ளி எரியுது. திருத்தம் போட்டதும் ஒண்ணும் இல்ல. 2012ல அதுக்கு இக் நோபல் குடுத்தாங்க. வாப்பாகிட்ட சொன்னேன், "செத்த மீனு எதைப் பாத்தும் யோசிக்காதுன்னு சொல்ல மெஷினு வேணுமா?"ன்னாரு, மெஷினைத்தான் வாப்பா அவங்க சோதிச்சாங்கன்னு சொன்னதும் அப்படின்னா சரிதான்னு தலையாட்டினாரு.

இந்த இடத்துலதான் வேவ்லெட் உண்மையிலயே கை குடுக்குது, இதுக்காக மட்டுமே கத்துக்கலாம்னு சொல்வேன். பொய் இணைப்பு எவ்வளவு வரும்னு தெரிஞ்சுக்க டேட்டாவை கலைச்சுப் போட்டுப் பாக்கணும். எஃப்எம்ஆர்ஐ நம்பரை நேரா கலைச்சா தப்பு, ஏன்னா பக்கத்து பக்கத்து நம்பர் ஒண்ணோட ஒண்ணு சொந்தம், கலைச்சதும் அந்த சொந்தம் செத்துடும். ஆனா வேவ்லெட்டுக்கு மாத்துனதும் ஒரே அடுக்குக்குள்ள இருக்குற நம்பர்களுக்குள்ள அந்த சொந்தம் கிட்டத்தட்ட அறுந்துடுது. அதனால ஒவ்வொரு அடுக்குக்குள்ளயும் மட்டும் கலைச்சு, திரும்ப சிக்னலாக்குனா பாக்க, ஆட, மெதுவா நகர எல்லாமே மூலம் மாதிரியே இருக்கும், ஆனா எந்தப் பகுதிக்கும் எந்தப் பகுதியோடயும் சம்பந்தம் இருக்காது. எட் புல்மோர் குழு 2001ல எஃப்எம்ஆர்ஐக்கு இதைக் காட்டினாங்க. இதுக்கு எஸ்டபிள்யுடி வேண்டாம், சாதா வேவ்டெக்கை பீரியடைசேஷன் மோடுல, அதாவது ரெண்டு ஓரத்தையும் வட்டமா ஒட்டுற மோடுல வச்சு செய்ங்க. நான் 1,000 தடவை கலைச்சேன், ராத்திரி பத்து மணிக்கு ஓட விட்டு படுத்தேன், நடுவுல கரண்ட் போயி லேப்டாப் பேட்டரியில தாங்குச்சு, சுபுஹுக்கு எந்திரிச்சுப் பாத்தா முடிஞ்சிருந்துச்சு. 4,005ல மூணாவது அடுக்குல தப்பிச்சு நின்ன ஜோடிகள் ஒவ்வொண்ணையும் நான் பேரு சொல்லி எண்ணினேன். இடது வலது பார்வைப் பகுதி ரெண்டும் ஜோடியா நின்னுச்சு, எதிர்பாத்த மாதிரியே.

மார்க் கேட்டா 5க்கு 4. கணக்கு சுத்தம், இலவசம், எரர் மெசேஜ் புரியுற மாதிரி இருக்கு. குறைச்ச ஒண்ணு எதுக்குன்னா மூளை ஆளுங்க பேப்பர்ல எம்ஓடிடபிள்யுடின்னு தேடிட்டு வருவாங்க, அந்தப் பேருல இதுல எதுவும் இல்ல, எஸ்டபிள்யுடியை அந்த ரெண்டு ஆப்ஷனோட வச்சா அதுதான்னு நாமளே கண்டுபிடிக்கணும், டாக்குமெண்ட் எல்லாம் இங்லீஷ்ல. தமிழ் மீடியத்துல படிச்சு வந்த புள்ளைங்களுக்கு முதல் வாரம் கஷ்டமா இருக்கும், விட்டுடாதீங்க, ரெண்டாவது வாரம் பழகிடும்.

கடைசியா ஒண்ணு, இது லைப்ரரியோட குறை இல்ல, ஆனா தெரிஞ்சுக்காம விட்டா மொத்த வேலையும் கெட்டுடும். ரிசல்ட் வந்த அன்னைக்கு வாப்பாகிட்ட அஞ்சு வரி படத்தைக் காட்டி மூணாவது கண்ணியில மாட்டுறதுதான் மூளைன்னு சந்தோஷமா சொன்னேன். வாப்பா கண்ணாடியைப் போட்டுகிட்டு கொஞ்ச நேரம் பாத்துட்டு, "சூடை வலையில சூடை மட்டுமாம்மா மாட்டும், அதே பருமன்ல வேற மீனு வந்தா அதுவும்தானே நிக்கும்?"னாரு. பதில் சொல்ல வாய் வரல. உக்காந்து கணக்கு போட்டேன். ரெண்டு செகண்டுக்கு ஒரு படம்னா செகண்டுக்கு ஒரு தடவை துடிக்குற இதயத்தை ஸ்கேனரால முழுசா பிடிக்க முடியாது, அது மடிஞ்சு மெதுவான வேகமா வேஷம் போட்டு வரும். நிமிஷத்துக்கு 72 துடிப்புன்னா 1.2 ஹெர்ட்ஸ், அது மடிஞ்சு 0.2 ஹெர்ட்ஸ்ல வரும், முதல் அடுக்குலயே ஒதுங்கிடும். 66ன்னா 0.1, ரெண்டாவது அடுக்கு. 62ன்னா 0.033. நேரா மூணாவது கண்ணி. மூளைன்னு நான் பேரு வச்ச அதே இடம். எந்த வேவ்லெட்டும் இதைப் பிரிச்சுக் குடுக்காது, ஏன்னா படம் எடுக்கும்போதே ரெண்டும் ஒரே வேகமா கலந்துபோச்சு.

என் டேட்டாவுல சில பேருக்குத்தான் நாடித்துடிப்பு பதிவு சேத்து வச்சிருந்தாங்க. அவங்களை மட்டும் தனியா எடுத்து, 62, 63 துடிப்புல இருந்தவங்களை விட்டுட்டு திரும்ப 1,000 தடவை ஓட விட்டேன். பார்வைப் பகுதி ஜோடி அப்பவும் நின்னுச்சு. மூளைத்தண்டுகிட்ட, பெரிய ரத்தக்குழாய் ஓடுற இடத்துல நின்ன ரெண்டு ஜோடி காணாம போச்சு.